வயது 26, சம்பளம் 2 மாதம் பாக்கி

கேள்வி: மூன்றாம் டிவிஷன் கால்பந்து கிளப் ஒன்றில் இடது பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஆடுகிறேன். எட்டு வருடத்தில் இது ஐந்தாவது கிளப்; எல்லாமே ஒரு வருட ஒப்பந்தம். இந்த சீசனில் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. 'மேல் டிவிஷனுக்குப் போனதும் மொத்தமாகத் தருகிறோம்' என்கிறார்கள். வெளிநாட்டு கிளப்பில் ட்ரயல் (தேர்வு ஆட்டம்) வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், ஆனால் முன்பணம் கேட்கிறார். 'இங்கிலாந்து வீரர் ஜேமி வார்டி 29 வயதில் பிரீமியர் லீக் சாம்பியன் ஆகவில்லையா' என்று நண்பர்கள் தைரியம் சொல்கிறார்கள். 'ஆட்டத்தை விட்டுவிட்டு ஏதாவது படியுங்கள்' என்கிறாள் மனைவி. தொடரவா, விடவா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, தொடர்வதா விடுவதா என்பது அப்புறம். முதலில் சம்பளம்.

'மொத்தமாகத் தருகிறோம்' என்ற பேச்சை நானும் ஒரு கிளப்பில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் கேட்டால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைப்பார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். கிளப் மேலே போகவும் இல்லை, பணம் வரவும் இல்லை. கடைசி நாள் லாக்கரைக் காலி செய்து, சேறு காய்ந்த பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்ததுதான் மிச்சம். வீரர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ 2016-ல் ஏறக்குறைய 14,000 வீரர்களிடம் கேட்டது. முந்தைய இரண்டு வருடத்தில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஆகவே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில் 2018 முதல் '14 பிஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் கெடு வைக்க வேண்டும். கெடு முடிந்தும் முழுப் பணம் வராவிட்டால், ஒப்பந்தத்தை முறிக்க உங்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. உள்நாட்டு கிளப் என்றால் உங்கள் தேசியச் சங்கத்தின் விதியையும் வீரர் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோச்சுக்கு 'சார், சம்பளம்?' என்று வாட்ஸ்அப் தட்டிவிட்டதை நோட்டீஸ் என்று நம்பி இருக்காதீர்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கிளப்பின் பெயருக்கே எழுதுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தின் நகலையும் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் கொடுக்காமல் கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்; தப்பு உங்கள் தலையில் விழும்.

முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். ஒழுங்கான ஏஜென்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கமிஷன். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்திலேயே இருக்கிறது, பெயரைத் தேடிப் பாருங்கள். நிஜமாகவே ட்ரயல் வந்தாலும், அந்தக் கிளப்பின் அழைப்புக் கடிதம் கையில் வராமல் கிளம்ப வேண்டாம். அங்கே முழங்கால் லிகமென்ட் கிழிந்தால் ஆபரேஷன் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு: 23 வயதைத் தாண்டிவிட்டதால், உங்களை எடுக்கும் வெளிநாட்டு கிளப், சிறு வயதில் உங்களைப் பயிற்றுவித்த கிளப்களுக்குப் பயிற்சி இழப்பீடு தர வேண்டியதில்லை.

இனி வார்டி. அந்தக் கதையில் உங்கள் நண்பர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் கழற்றிவிட்ட பிறகு, அவர் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். அந்தக் காலத்தில் அவருக்குச் சோறு போட்டது, உடைந்த கை காலுக்குக் கட்டும் சிம்புகள் செய்யும் தொழிற்சாலை வேலை. 2018 உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியின் கான்டேயும், மூன்றாம் டிவிஷன் கிளப்பான பூலோனில் ஆடிய நாட்களில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஒரு பிழைப்பு கையில் இருந்ததால் இருவருக்கும் ஆட்டம் கெட்டுவிடவில்லை.

உங்கள் மனைவி சொல்வதில் 'படியுங்கள்' சரி, 'விட்டுவிட்டு' தேவையில்லை. நம் டிவிஷன்களில் பயிற்சி பெரும்பாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம்? நான் ஒன்பது வருட மதியங்களைத் தூக்கத்திலும் சீட்டாட்டத்திலும் கரைத்தவன், அதனால்தான் இத்தனை கறாராகச் சொல்கிறேன். கோச்சிங் சான்றிதழ், பிசியோ, கணக்கு, எதுவாக இருந்தாலும் இந்த சீசனிலேயே சேருங்கள். முப்பத்து மூன்றில் முழங்கால் 'போதும்' என்று சொன்ன பிறகு ஆரம்பிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, எத்தனை கிளப் என்று எண்ணாதீர்கள், எத்தனை நிமிடம் களத்தில் இருந்தீர்கள் என்று எண்ணுங்கள். முக்கால்வாசி ஆட்டங்களில் முதல் பதினொன்றில் இருந்திருந்தால் தாராளமாகத் தொடரலாம். நல்ல இடது கால் உள்ள பேக்குக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். இரண்டு சீசனாக பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், படிப்பை முன்னே வைத்து, ஒரு டிவிஷன் இறங்கிப் பகுதி நேரமாக ஆடலாம். அதுவும் ஆட்டம்தான்.

நோட்டீஸை இந்த வாரமே கொடுங்கள். பதினாறாம் நாள் என்ன நடந்தது என்று எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.