ஆல்ப்ஸில் தனியாக – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

செப்டம்பரில் மியூனிக்கில் வாடகைக்கு ஒரு கார் எடுத்து, எங்கும் அறை பதிவு செய்யாமல், ஆஸ்திரியா வழியாக ஸ்லோவேனியா வரை தனியாகப் போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு இந்திய லைசென்ஸ் செல்லாது என்பதால், தேர்வெழுதி, ஓட்டிக்காட்டி, ஜெர்மன் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். நானும் அப்படிப் போகவேண்டும் என்றதும் நண்பர்கள், "ஒரு எக்செல் ஷீட்கூட இல்லாமல் மலைக்குப் போவது பொறுப்பில்லாத வேலை" என்கிறார்கள். அம்மாவிடமோ 'தனியாக' என்ற இடத்தைத் தாண்டிப் பேசவே முடியவில்லை. திட்டமில்லாமல் போவது சரிதானா? மலையில் உங்களுக்குப் பயமாக இல்லையா?

ம.,
ஸ்டுட்கார்ட்

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மலைமேல் திட்டமில்லாமல் நடக்கவே கூடாது. ஆனால் எந்த மலைக்குப் போவது, எந்த ஊரில் தங்குவது என்பதைத் திறந்து வைத்திருப்பது பொறுப்பின்மை இல்லை. ஆல்ப்ஸில் அதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

காரணம் வானிலை. ஆல்ப்ஸின் நடுமுகடு பல நாட்களில் வானத்தை இரண்டாகப் பிரித்துவிடும். வடக்குச் சரிவில் மழை கொட்டும்போது தெற்கே வெயிலடிக்கும், மறுநாள் தலைகீழாகும். மலையில் நடப்பவர்கள் தங்கும் குடில்கள் மூன்றில் மாதக்கணக்கில் முன்னாலேயே படுக்கை பதிவு செய்தவர், இடி மின்னல் வரும் என்று தெரிந்தும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். கட்டிய பணம், எடுத்த லீவு, அடுத்த குடிலில் காத்திருக்கும் படுக்கை எல்லாம் சேர்ந்து அவரைத் தள்ளுகின்றன. கார் இருந்து, பதிவு இல்லாதவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. மேகம் எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பலாம்.

நான் ஸ்லோவேனியா போனதே அப்படித்தான். மனதில் இருந்தது இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகள். ஆஸ்திரியாவின் க்ரோஸ்க்ளோக்னர் மலைப்பாதையில் ஏறி இறங்கினேன். 1935-ல் திறக்கப்பட்ட சாலை, 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள், ஹோக்டோர் கணவாயில் 2504 மீட்டர் உயரம். அப்புறம் லீன்ஸ் ஊரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து வானிலை அறிக்கையைப் பார்த்தேன். டோலமைட்ஸில் தொடர் மழை, கிழக்கே ஸ்லோவேனியாவின் ஜூலியன் ஆல்ப்ஸில் தெளிவு என்று போட்டிருந்தது. சரி, கிழக்கே என்று முடிவெடுத்தேன். வாடகை ஒப்பந்தத்தில் எல்லை தாண்ட அனுமதி இருந்தது. ஸ்லோவேனியாவின் நெடுஞ்சாலைக் கட்டணத்தை வண்டி எண்ணைக் கொடுத்து இணையத்திலேயே கட்டிவிடலாம். நடைமுறை வேலை அவ்வளவுதான்.

ஸ்லோவேனியாவில் க்ரான்ஸ்கா கோரா ஊரிலிருந்து வர்ஷிச் கணவாய்க்கு ஏறும் சாலையை நீங்கள் ஒருமுறை ஓட்டவேண்டும். ஏற இறங்க மொத்தம் 50 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. வடக்குப் பக்கத்து வளைவுகளில் தார் இல்லை, கல் பாவியிருக்கிறது. ஈரமானால் சக்கரம் வழுக்கும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். நம் ஊர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதுபோல, எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கவேண்டும்.

இந்தச் சாலையைப் போட்டவர்கள் ரஷ்யப் போர்க்கைதிகள். முதல் உலகப்போரில் சோச்சா ஆற்றங்கரையில் இத்தாலியோடு சண்டை நடந்தது. அந்தப் போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோக ஆஸ்திரிய ஹங்கேரி ராணுவம் அவர்களை வைத்து இதை வெட்டியது. 1916 மார்ச்சில் ஒரு பனிச்சரிவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்து போனார்கள். எட்டாவது வளைவருகே, இறந்த தோழர்களுக்காக அந்தக் கைதிகளே கட்டிய சிறிய மரக்கோயில் நிற்கிறது. அங்கே வண்டியை நிறுத்துங்கள். அந்தச் சாலையில் போகிற யாரும் அதைப் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது என்பது என் ஆசை.

கணவாய் 1611 மீட்டரில் இருக்கிறது. எதிரே ப்ரிசோய்னிக் மலையின் வடக்குச் சுவரில் ஒரு பெண்முகம் பாறையிலேயே அமைந்திருக்கிறது. பனியில் வழி தவறியவர்களைக் கணவாய் தாண்டிக் கொண்டுவிடுகிற அரக்கர் குலத்துப் பெண் அவள் என்று கதை. பிறந்த குழந்தை ஒன்றைப் பார்த்து, இவன் வளர்ந்து தங்கக் கொம்புடைய மலையாட்டை வேட்டையாடுவான் என்று குறி சொன்னாள். அதில் கோபம்கொண்ட சகோதரிகள் அவளைக் கல்லாக்கிவிட்டார்கள். தனியாக வந்தவளுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போயிற்று.

அங்கிருந்து ஸ்லெமெனோவா ஷ்பிட்சா சிகரத்துக்கு நடந்தேன். 1911 மீட்டர், கயிறோ இரும்புக் கம்பியோ பிடிக்கத் தேவையில்லாத பாதை. மேலே லார்ச் மரங்கள், சிறு குட்டைகள், நேர் எதிரே யாலோவெட்ஸ் சிகரம் கூர்மையாக. அன்றிரவு மட்டும் தங்கலாம் என்று மறுபக்கம் ட்ரெந்தா பள்ளத்தாக்கில் இறங்கினேன். சோச்சாவின் அந்தப் பச்சை நீரைப் பார்த்த பிறகு கிளம்ப மனமில்லை. வானமும் இடம் கொடுத்தது, தங்கிவிட்டேன். அறை பதிவு செய்திருந்தால் மறுநாள் காலை வேறு ஊருக்கு ஓடியிருப்பேன்.

இனி பயம். இருந்தது. மனிதர்களிடம் இல்லை. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கால் பிசகினால் கூப்பிட யாருமில்லாத அரைமணி நேரங்களைப் பற்றித்தான் பயம். அதனால் மலையில் எதையும் அந்த நேரத்து மனநிலைக்கு விடவில்லை. முதல்நாள் இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவேன். ஜெர்மன்காரர்கள் பயன்படுத்தும் கணக்கு எளிது: மணிக்குச் சமதளத்தில் 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் 500 மீட்டர் உயரம். தூரத்துக்கு ஆகும் நேரம், உயரத்துக்கு ஆகும் நேரம் இரண்டில் பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டவேண்டும். 6 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். அதற்கு மேல் நமக்கென்று கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடவேண்டும் என்பதையும் இரவே எழுதிவைத்துவிடுவேன். மேலே போனபிறகு சிகரம் பேச ஆரம்பித்துவிடும்; அப்போது முடிவெடுக்கக் கூடாது.

சோச்சா ஆற்றின் ஊற்றுக்கண்ணுக்குப் போகும் வழி அங்கிருக்கும் குடிலிலிருந்து கால்மணி நேரம்தான். கடைசிப் பகுதியில் பாறையோரமாகக் கம்பியைப் பிடித்துப் போகவேண்டும். நான் போன அன்று பாறை நனைந்திருந்தது. கம்பி தொடங்கும் இடத்திலேயே திரும்பினேன். கூட ஆள் இருந்திருந்தால் போயிருக்கலாம். தனியாகப் போகிறவர்களுக்கு அந்த வழி அன்று இல்லை, அவ்வளவுதான்.

இன்னும் சில விஷயங்கள். ஸ்லோவேனியாவில் வெள்ளைப் புள்ளியைச் சுற்றிய சிவப்பு வளையம்தான் பாதைக் குறி. அது கண்ணில் படாமல் கொஞ்ச தூரம் போய்விட்டால், கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பிவிடுங்கள். குடில்களிலும் சிகரங்களிலும் பதிவேடு இருக்கும். பெயரோடு எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், தேட வேண்டி வந்தால் அதைத்தான் பார்ப்பார்கள். அவசர எண் 112. போனில் சிக்னல் இல்லையென்றால் விசிலோ டார்ச்சோ: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஜெர்மன் ஆல்பைன் சங்கத்துக்கு ஸ்டுட்கார்ட்டிலேயே கிளை உண்டு, சேர்ந்துவிடுங்கள். மலை மீட்புச் செலவுக்கான காப்பீடு உறுப்பினர் சந்தாவிலேயே அடக்கம். அவர்களோடு சேர்ந்து சில நடைகள் போய்விட்டு அப்புறம் தனியாகப் போங்கள். முதல் தனி நடைக்கு உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் ஓபர்ஸ்டோர்ஃப் போதும்.

அம்மாவிடம் 'திட்டமே இல்லை' என்று சொல்லவேண்டாம், அது உண்மையும் இல்லை. ஒவ்வொரு நாளும் நடக்கும் பாதை, திரும்பும் நேரம், தங்கும் இடத்தின் போன் நம்பர் மூன்றையும் ஸ்டுட்கார்ட்டில் ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். இத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் 112-க்குச் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. எக்செல் ஷீட் கேட்ட அந்த நண்பரே இதற்குச் சரியான ஆள். அம்மாவுக்குக் கீழே இறங்கியதும் ஒரு போன் போடுங்கள். அக்டோபரில் பெரும்பாலான குடில்களை மூடிவிடுவார்கள். அதற்குள் கிளம்பப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா