கேள்வி – பதில்: கென்யாவில் ஏது பிரதமர்?

கேள்வி: 2025 அக்டோபரில் கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்துக்குச் சிகிச்சைக்கு வந்த கென்யாவின் முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா, காலையில் நடக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து இறந்துபோனார். பேப்பரில் பார்த்ததும் எங்கள் டீக்கடையில் ஒரே சண்டை. அங்கே அதிபர்தானே எல்லாம், ஏது பிரதமர் என்கிறார் ஒருவர். எது சரி?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: சண்டை போட்ட ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். கென்யாவில் பிரதமராக இருந்தவர்களே ரெண்டு பேர்தான், அவர்களுக்கு நடுவில் 43 வருஷம் அந்தப் பதவியே கிடையாது.

முதலாமவர் ஜோமோ கென்யாட்டா. 1963 டிசம்பர் 12-ல் விடுதலை கிடைத்தபோது அவர் பிரதமர், நாட்டின் தலைவராகப் பேருக்கு இருந்தது பிரிட்டன் ராணி. சரியாக ஒரு வருஷத்தில் குடியரசு ஆனதும் ரெண்டு தலைமையையும் அதிபர் பதவியிலேயே சேர்த்துவிட்டார்கள். கென்யாட்டாவே அதிபர், பிரதமர் பதவி அதோடு போச்சு.

அது திரும்பி வந்தது ரத்தத்துக்கு நடுவில். 2007 டிசம்பர் அதிபர் தேர்தலில் மோசடி என்று, போட்டியிட்ட ஒடிங்காவின் தரப்பு கொதித்துக்கொண்டிருக்க, 30-ம் தேதி சாயங்காலமே, ஏற்கெனவே அதிபராக இருந்த கிபாக்கி அவசரமாக மறுபடியும் பதவியேற்றார். அதில் மூண்ட கலவரத்தில் பக்கத்து வீட்டுக்காரனே கத்தியோடு வந்தான். எல்டோரெட் பக்கம் கியாம்பாவில், உயிருக்குப் பயந்து சர்ச்சுக்குள் ஒதுங்கிய பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கொளுத்தினார்கள். மொத்தம் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் உங்கள் ஊர் எல்லை அடைபட்டு, ஏலத்தோட்டத்து சனம் மூட்டை முடிச்சோடு கம்பத்துக்கு இறங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அந்தப் பயம் பல நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் போய் உட்கார்ந்து பேசி, 2008 பிப்ரவரி 28-ல் ஒப்பந்தம் ஆனது. கிபாக்கி அதிபராகவே இருப்பார், ஒடிங்காவுக்காகப் பிரதமர் பதவி உண்டாக்கப்படும். ஆனால் அமைச்சரவைக்குத் தலைவர் கிபாக்கிதான், பிரதமரின் வேலை அமைச்சகங்களை ஒருங்கிணைப்பதும் மேற்பார்ப்பதும். நம் நாட்டுப் பிரதமரின் அதிகாரத்தோடு சேர்த்துப் பேசவே முடியாது. அப்படியும் அந்தப் பதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், வெட்டும் குத்தும் அடங்க அது ஒரு வழி செய்தது.

அப்புறம் 2010-ல் வந்த புது அரசியல் சட்டத்தில் பிரதமர் பதவிக்கு இடமில்லை, 2013 தேர்தலோடு முடிந்தது. 2022-ல் முசாலியா முடவாடிக்குக் கொடுத்தது முதன்மை அமைச்சரவைச் செயலாளர் பதவி, அதைப் பிரதமர் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.