பள்ளிச் சுற்றுச்சுவருக்கு அரசுப் பணம்: மூன்று லட்சம் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து மூன்று லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். மீதியை அரசு தருமா?

பதில்: தரும். உங்களுக்குப் பொருத்தமானது 'நமக்கு நாமே' திட்டம். 1997-98இல் தொடங்கியது, 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021-22இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. வேலைக்கு ஆகும் செலவின் மதிப்பீட்டில் ஊர் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால், மீதியை மாநில அரசு போடும். அதாவது, உங்கள் மூன்று லட்சத்தை வைத்து ஒன்பது லட்சம் வரையிலான வேலையைக் கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். சுற்றுச்சுவர் வேலைகள் நின்றுபோவது பெரும்பாலும் எல்லைத் தகராறில்தான். பள்ளி நிலத்தை யாருமே அளந்திருக்க மாட்டார்கள். அஸ்திவாரம் தோண்டும் அன்றைக்குப் பக்கத்து வயல்காரர் வந்து நிற்பார். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டு விடுங்கள். தலைமை ஆசிரியரையும் பக்கத்து நிலத்துக்காரர்களையும் அப்போது கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்து, ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள். ஊரில் கொத்தனார் சொல்லும் கணக்கு வேறு, அரசு விலை விகிதப்படி வரும் கணக்கு வேறு. மதிப்பீடு கைக்கு வந்த பிறகு விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போகட்டும்; நிர்வாக அனுமதி தருவது அவர்தான். கிராம சபைத் தீர்மானம் ஒன்றும் கூட இருந்தால் கோப்புக்குப் பலம். உங்கள் பங்கை வரைவோலையாகவோ காசோலையாகவோ மட்டும் கொடுங்கள். ரொக்கமாக யார் கையிலும் வேண்டாம், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

இன்னொன்று. மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால், டெண்டருக்குப் போகாமல் நீங்களே வேலையை எடுத்துச் செய்ய வழியுண்டு. மதிப்பீடு ஆறு லட்சத்துக்குள் வந்தால் இப்போதே அந்தத் தகுதி இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக வந்தாலும், இன்னும் சிலரிடம் கேட்டுப் பாதியை எட்டிவிடுவதே என் யோசனை. கம்பியும் சிமென்ட்டும் உங்கள் கண் முன்னாலேயே சுவருக்குள் போகும்.

முழுத் தொகையையும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஆனால் ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய்க்குத் தொகுதி முழுவதும் வரிசையில் நிற்கிறது. கையில் பணம் உள்ள உங்களுக்கு அந்த வரிசை தேவையில்லை.