அந்த ஒரு மடக்கு எதற்காக?

கேள்வி: என் மகளைப் போர்தோவில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். சென்ற முறை போயிருந்தபோது சம்பந்தி உணவகத்துக்கு அழைத்துச் சென்று, மரியாதைக்காக ஒயினை முதலில் என்னைச் சுவைக்கச் சொன்னார். பரிமாறியவர் ஒரு மடக்கு ஊற்றினார். ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தது. நமக்கு என்ன தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். என் தவறா? அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். லேபிளில் ‘கிரான் க்ரூ’ என்று போட்ட ஒயின் பாட்டில் ஒன்றைப் பரிசளிக்க ஆசை. சுற்றுலா வழிகாட்டி ஒருவர் 60 யூரோவுக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? — ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள்தான் அதை நம்பவில்லை. பல ஆண்டுகளாகப் பிரான்சில் மேசை மேசையாக ஒயின் ஊற்றி வருகிறேன். அந்த முதல் மடக்கைப் பரீட்சை என்று நினைத்து நம்மவர்கள் தடுமாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது. அது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக ஊற்றுவதே இல்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க மட்டுமே.

ஈர அட்டை, பூட்டிக் கிடந்த நிலவறை, காயாத துணி: இந்த வாடை தக்கையிலிருந்து வருகிறது. தக்கையில் பூஞ்சையால் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மம், ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மணத்தைக் கெடுத்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உடம்புக்குத் தீங்கு இல்லை. பழ வாசனைதான் செத்துப்போகும். பத்து யூரோ பாட்டிலுக்கும் இது வரும், ஆயிரம் யூரோ பாட்டிலுக்கும் வரும்.

அடுத்த முறை கிளாஸின் தண்டைப் பிடித்து, ஆட்டாமல் ஒரு தரம் முகருங்கள். பிறகு மேசைமேல் வைத்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முகருங்கள். சந்தேகமாக இருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள். தீக்குச்சி உரசியதுபோன்ற வாடை என்றால் காற்றுப்பட்டுப் பெரும்பாலும் விலகிவிடும். தக்கை வாடை விலகாது, பெரும்பாலும் இன்னும் ஏறும். அப்போது ‘புஷோனே’ (தக்கை வாடை பிடித்தது) என்று ஒரு சொல் சொன்னால் போதும். நல்ல உணவகத்தில் மறுபேச்சில்லாமல் வேறு பாட்டில் திறப்பார்கள்.

வாயில் வைத்ததும் ஈறு இறுக்கிப் பிடித்தால் பயப்பட வேண்டாம். இளம் போர்தோ சிவப்பு ஒயினில் உள்ள, துவர்ப்பைத் தரும் டானின் அது. இதைப் புதிதாகச் சுவைப்பவர்கள் பலர் கசப்பு என்று குழம்புவார்கள். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். நெல்லிக்காய் கடித்த நாக்குக்கு அது உடனே பிடிபடும். கறியோடு குடித்தால் அந்தப் பிடி தளரும். பழைய ஒயினின் அடியில் தங்கும் வண்டலும் கெடுதல் அல்ல. பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றினால் போதும்.

இனி அந்த வழிகாட்டி. தயவுசெய்து வாங்காதீர்கள்.

‘கிரான் க்ரூ’ என்ற இரண்டு சொற்களை வைத்து நடக்கும் ஏமாற்றின் மேல் எனக்கு ஆறாத கோபம். பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியில் அது மிகச் சிறந்த நிலத்துண்டுகளுக்கு மட்டும் உரிய பெயர். மொத்தம் முப்பத்துச் சொச்சம்தான். அந்த மதிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு போர்தோ பக்கம் வருபவர் அங்குள்ள ஒயின் ஊரான சாந்த்-எமிலியோனில் விழுகிறார். அங்கே ‘சாந்த்-எமிலியோன் கிரான் க்ரூ’ என்பது வெறும் விளைபகுதிப் பெயர். சாதாரண சாந்த்-எமிலியோன் விளையும் அதே நிலப்பரப்புதான். விளைச்சல் அளவு, பதப்படுத்தும் காலம் போன்ற விதிகள் மட்டும் சற்றுக் கடுமை. நூற்றுக்கணக்கான பண்ணைகள் அந்தப் பெயரைப் போடுகின்றன. சூப்பர்மார்க்கெட்டில் 20 யூரோவுக்கும் கீழே கிடைக்கும்.

அந்த ஊர்ப் பண்ணைகளுக்கான தரவரிசைப் பட்டியலில் தேர்வானது வேறு: லேபிளில் ‘கிரான் க்ரூ க்ளாஸே’ என்று இருக்க வேண்டும். அந்த ‘க்ளாஸே’தான் வித்தியாசம். 2022 பட்டியலில் அப்படித் தேர்வானவை 85 பண்ணைகளே. இவற்றில் உச்சியில் இருப்பவற்றின் லேபிளில் ‘ப்ரெமியே கிரான் க்ரூ க்ளாஸே’ என்று இருக்கும். ஒரு சொல் கூடினால் ஒரு பொருள், குறைந்தால் வேறு பொருள் என்று வைத்துவிட்டு வாங்குபவன் தலையில் கட்டும் முறை இது. அதைக்கூட நிம்மதியாக நடத்தத் தெரியவில்லை: 2006 பட்டியல் நீதிமன்றம் வரை போய் நாறியது, 2022 பட்டியலிலிருந்து ஷெவால் பிளாங், ஓசோன், ஆஞ்செலூஸ் ஆகிய மூன்று புகழ்பெற்ற பண்ணைகளும் தாமாகவே விலகிக்கொண்டன. ஆகவே ‘க்ளாஸே’ இல்லாத உயர்ந்த ஒயினும் உண்டு. ஆனால் அவற்றை எந்த வழிகாட்டியும் 60 யூரோவுக்குத் தரமாட்டார்.

சென்ற ஆண்டு ஒரு தமிழ்த் தம்பதி இதே கதையோடு என்னிடம் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். கொடுத்தது 75 யூரோ. அதே லேபிள் அடுத்த தெருக் கடையில் 18 யூரோ. அந்த அம்மாள் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘கிரான் வேன்’ (உயர்ந்த ஒயின்), ‘வியேய் விஞ்’ (பழைய கொடிகள்) போன்ற பகட்டுச் சொற்களுக்கும் மயங்காதீர்கள். தரத்துக்கு அவை எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

‘காவிஸ்ட்’ என்று அழைக்கப்படும் தனி ஒயின் கடைக்காரரிடம் நேராகப் போங்கள். 30 யூரோ பட்ஜெட், சம்பந்திக்குப் பரிசு, ஆட்டுக்கறியோடு பரிமாறுவார்கள் என்று சொல்லுங்கள். சாந்த்-எமிலியோனை ஒட்டிய காஸ்தியோன், சற்று மேற்கே ஃப்ரோன்சாக் ஆகியவற்றிலிருந்து ஒன்று கேளுங்கள். பெயருக்கான கூடுதல் விலை இல்லாத ஊர்கள். உள்ளூர்க்காரரான சம்பந்திக்கு உங்கள் தேர்வு புரியும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். திறந்ததும் அதே அட்டை வாடை அடித்தால் மிச்சத்தைக் கொட்டாமல், தக்கையைத் திரும்பச் செருகி மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள். நல்ல கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு மாற்றித் தருவார்.