பழைய கிரானைட் பலகையை மேசையாக்கலாமா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையைப் புதுப்பித்தபோது கழற்றிய கிரானைட் பலகையை வரவேற்பறை மேசையாக்கலாமா, புதிதாகப் பளிங்கு வாங்குவது மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய கல்லையே பயன்படுத்துங்கள். பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், அதன்மேல் சிந்தும் எலுமிச்சைச் சாறோ ரசமோ மெருகை அரித்து, எவ்வளவு துடைத்தாலும் போகாத மங்கலான தடத்தை விட்டுவிடும். கிரானைட்டில் அந்தத் தொல்லை அரிது. எடையைத்தான் கவனிக்க வேண்டும்: 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள பலகை ஏறக்குறைய 39 கிலோ இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய துளையை ஒட்டிய குறுகிய பகுதியே எளிதில் விரிசல் விடும் என்பதால், அதை அறுத்து நீக்கிவிட்டு, மீதியை நான்கு பக்கமும் தாங்கும் இரும்புச் சட்டத்தின்மேல் வையுங்கள். அறுத்த விளிம்பைச் சொரசொரப்பாகவே விடுவது எனக்குப் பிடிக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீடென்றால் முனைகளை மட்டும் மழுக்கச் சொல்லுங்கள்.