பிரிமியத்துக்கு லீவா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுவிட்டது. ஒன்பது வருடமாகக் கட்டிவரும் மெடிக்கல் கார்டின் (மருத்துவக் காப்புறுதி) பிரிமியமோ மாதம் 218 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 290 ஆகிவிட்டது. இரண்டு வருடமாக அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). "ஆறு மாசம் கட்டாம விடுங்கக்கா, ஒன்னும் ஆகாது. இல்லேன்னா மலிவா புதுசு எடுத்துக்கலாம்" என்கிறார் முகவர். எதைச் செய்யலாம்?
– பெயர் வேண்டாத வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

பிரிமியம் கட்டாமல் விடும் 'லீவு' என்பது முதலீட்டுடன் சேர்ந்த பாலிசியில்தான் உண்டு. தனி மெடிக்கல் கார்டென்றால், தாமதமாகக் கட்டத் தரும் சலுகை நாள் தாண்டியதும் பாலிசி காலாவதி. முதலீட்டு பாலிசியிலும் நீங்கள் கட்டாத மாதம் காப்புறுதிக் கட்டணம் நிற்பதில்லை. உங்கள் யூனிட்டுகளை (பிரிமியத்தில் வாங்கிய முதலீட்டுப் பங்குகளை) விற்று எடுத்துக்கொள்வார்கள். ஆண்டறிக்கையைத் தேடி எடுங்கள். யூனிட் மதிப்பு 1,400 வெள்ளி, மாதக் கழிவு 190 என்று போட்டிருந்தால் ஏழு மாதம்தான் தாங்கும். யூனிட் தீர்ந்தால் பாலிசியும் தீர்ந்தது. பலருக்கு இது தெரியவருவது, தனியார் மருத்துவமனை முகப்பில், செலவை ஏற்பதாக நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வராமல் உட்கார்ந்திருக்கும்போதுதான்.

புதுசு எடுத்தால், நோய்க்குக் கோரிக்கை போட முடியாத காத்திருப்பு நாள் முதலிலிருந்து ஓடும்: பொதுவாக 30 நாள், குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். இனிப்பு நீரைச் சொன்னால் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்பார்கள், அல்லது பிரிமியத்தை ஏற்றுவார்கள். மறைத்தால், கோரிக்கை போடும் நாளில் பழைய கிளினிக் பதிவு காட்டிக்கொடுக்கும். புதுப் பாலிசியால் நிச்சய லாபம் முகவருக்கு. முதல் வருடத்தில்தான் கமிஷன் கொழுப்பு.

பிரிமியத்தைச் சுருக்க வழி உண்டு. முகவரை விட்டுவிட்டு நிறுவனக் கிளைக்கே போங்கள். முதலில், கார்டோடு ஒட்டியிருக்கும் விபத்து, சேமிப்பு இணைப்புகளை நீக்கினால் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். அடுத்து, செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் திட்டம். 2024 செப்டம்பரிலிருந்து நிறுவனங்கள் இதையும் வைத்திருக்க வேண்டும். பங்கு குறைந்தது 5 விழுக்காடு அல்லது 500 வெள்ளி. ஆனால் மாறும்போது காத்திருப்பு நாளும் உடல்நலக் கேள்விகளும் மறுபடி வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். வருமென்றால் மாறாதீர்கள். மருத்துவச் செலவைக் காரணம் காட்டி ஏற்றும் பிரிமியத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்லி 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா (மத்திய வங்கி) அறிவித்தது. உங்களுக்கு ஏறிய 72 வெள்ளி அதில் எந்தக் கட்டம் என்றும் கேளுங்கள்.

இனிப்பு நீர் மாத்திரைக்குத் தனியார் கிளினிக் எதற்கு? அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி, மருத்துவமனை நிபுணரிடம் 5 வெள்ளி. வரிசைதான் நீளம், காலையிலேயே போய்விடுங்கள். எஸ்.டி.ஆர். (அரசாங்க ரொக்க உதவி) வாங்கும் குடும்பமென்றால், 40 வயதைத் தாண்டியவருக்கு பெக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. அரசாங்க மருத்துவமனையில் ஸ்டெண்ட் போன்ற கருவி தேவைப்பட்டால், அதே திட்டத்தில் 20,000 வெள்ளிவரை உதவி கேட்கலாம். வேலையிடத்தில் அடிபட்டால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருக்கிறது, கார்டைத் தொடவே வேண்டாம்.

கிளையிலிருந்து எழுத்தில் பதில் வரும்வரை அந்த 290-ஐக் கட்டிக்கொண்டிருங்கள்.