முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. எங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை. ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்து, 'பாதிக் கட்டணம் தள்ளுபடி, இப்போதே பத்தாயிரம் கட்டிவிடுங்கள்' என்கிறார்கள். கட்டலாமா?
- ஒரு தாய், நீடாமங்கலம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. கலந்தாய்வுக்கு முன்பே பிடித்துவைக்கும் இடம் பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடு, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடம். அதில் சேர்ந்தால் பெரிய உதவிகள் இரண்டும் போய்விடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றும் அரசு பொறுப்பு. பொதுக் கலந்தாய்வில் கிடைத்தால், குடும்பத்தில் முதலாவதாகப் பட்டப்படிப்பு படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கைகொடுக்கும்.

அவர்கள் தரும் கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். 'முதலாமாண்டுக்கு மட்டும்', 'அரியர் வைத்தால் ரத்து' என்று இருக்கிறதா? பஸ், தேர்வுக் கட்டணங்களுக்குத் தள்ளுபடி உண்டா? நான்கு வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். அசல் டி.சி.யை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைத்தாலும், அந்த டி.சி.யைத் திரும்ப வாங்க அலையவேண்டி வரும்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். வீட்டிலுள்ளவர்களின் டி.சி.க்களையும் ரேஷன் கார்டையும் எடுத்துப்போங்கள். பெயரோ இனிஷியலோ ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் வி.ஏ.ஓ. மேசையிலேயே நின்றுவிடும். அண்ணனோ அக்காவோ இந்தச் சலுகையில் படித்திருந்தால் இவளுக்குக் கிடையாது.

கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியல் போடும்போது நம் பக்கத்தில் பலர் செய்யும் தவறு, பஸ் போகும் தூரத்துக் கல்லூரிகளை மட்டும் எழுதுவது. 7.5 சதவீதத்தில் விடுதிச் செலவும் இல்லையே! கிண்டி, கோவைக் கல்லூரிகளை மேலே போடுங்கள், பக்கத்திலுள்ள கோவில்வெண்ணிக் கல்லூரி கீழே இருக்கட்டும்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இவற்றோடு சேர்த்தே கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்ததும் அதற்கான பொறுப்பாசிரியரைப் பாருங்கள். பணம் வராவிட்டால் பாஸ்புக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்: ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு நேரடி மானியத்துக்கு இணைக்கப்பட்டதோ, அதில்தான் விழும்.

கேள்வி: மகன் எட்டாம் வகுப்பு வரை மெட்ரிக், பிறகு அரசுப் பள்ளி. 7.5 சதவீதம் உண்டா?
- ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: ஆறு முதல் எட்டு வரை கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் தரப்படும் இலவச இடத்தில் படித்திருந்தால் உண்டு. கட்டணம் கட்டிப் படித்திருந்தால் இல்லை. அந்த மெட்ரிக் பள்ளியில் இதற்கான சான்றை எழுதி வாங்குங்கள். கோடை விடுமுறையில் அலுவலகம் பூட்டுவதற்குள் போங்கள்.